கோட்டின் முதுகு

சலவைக்குப் போடும் துணியில் பையைப் பார்க்காமலே கொடுப்பவர்கள் பாதிப்பேர். பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கொடுப்பவர்கள் மீதிப்பேர். பன்னு அக்காவின் சலவைக்கடையில் முன்பக்கத்து மூலையை வாடகைக்குப் பிடித்து, தையல் மெஷின் போட்டு, ஸிப் மாற்றியும் பேண்ட் இடுப்பைக் கூட்டிக் குறைத்தும் பிழைக்கிற எனக்கு இது பதினொரு வருடத்து அனுபவம். பேருந்துச் சீட்டு, சாவி, பாதி தின்ற மிட்டாய், ஒருமுறை முழுசாக ஒரு பொய்ப்பல் செட்டு என்று வராதது இல்லை. அக்கா ஒவ்வொரு பையிலும் இரண்டு விரலை விட்டுத் துழாவாமல் எந்தத் துணியையும் தண்ணீரில் போட மாட்டாள். எடுத்ததைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு, துணிக்குப் போட்ட அதே குறியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சேர்த்து வைப்பாள். ஒருவருக்கு முக்கோணம், ஒருவருக்கு ஏணி, ஒருவருக்கு இரண்டு புள்ளி. பையில் வந்ததைப் படிக்கக் கூடாது, அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். அது கடைச் சட்டம்.

பன்னு என்பது அவள் பெயர் இல்லை. முகம் அப்படி. வட்டமாக, உப்பலாக, கன்னம் இரண்டும் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்தது போலச் சிவந்து பளபளவென்று இருக்கும். கை கால் எல்லாம் குச்சி, முகம் மட்டும் அப்படி. அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் மறைத்தது போல ஆகிவிடும். தெருவே அப்படிக் கூப்பிட்டது. அவளும் சிரித்துக்கொண்டே, "வீட்டுல சோறு ஒழுங்கா கிடைக்குதுன்னு அர்த்தம்" என்பாள்.

அவள் புருஷன் பின்கட்டில் பாய்லரோடும் துணி அலசும் மெஷினோடும் வாழ்கிறவர். நீராவி சத்தத்தில் பேசிப் பிரயோஜனமில்லை என்று எப்போதோ பேச்சைக் குறைத்துக்கொண்டவர். அவருக்கு அண்ணன் ஒருவர். தெருக்கோடியில் மருந்துக்கடை. வெள்ளைக் கோட்டு போடாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அவருக்குக் கோட்டு என்று பெயர். டாக்டருக்குப் படிக்கவில்லை, கோட்டுக்குப் படித்தார் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. ஆனால் எனக்கும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை அவர் கையால்தான். கால் வீங்குகிறதே என்று கேட்டால், "நின்னுக்கிட்டே இருந்தா வீங்கத்தான் செய்யும்" என்பார். நான் உட்கார்ந்து தைப்பவன். அது அவருக்கும் தெரியும்.

வாரத்துக்கு மூன்று கோட்டு சலவைக்கு வரும். குறி, கூட்டல். கஞ்சி விறைப்பாக இருக்க வேண்டும், காலர் நிற்க வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. ஏனென்றால் அக்காவுக்கு மாத்திரை இலவசம்.

அந்தக் கதையை அக்காவே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள், சாமி கதை சொல்வது போல. மகளுக்கு மூன்று வயது. காலையில் எழுந்தால் இரண்டு கையும் மூடின மாதிரியே இருக்கும், விரிக்க வராது. விரல் முட்டியெல்லாம் வீங்கி, இஸ்திரிப் பெட்டியின் பிடியைப் பிடிக்க முடியாமல் முழங்கையால் தள்ளியிருக்கிறாள். குழந்தைக்குச் சட்டை பட்டன் போட முடியவில்லை. அப்போதுதான் கோட்டு ஒரு காகிதக் கவரில் சின்ன வெள்ளை மாத்திரை பத்து போட்டுக் கொடுத்தார்.

"மறுநாள் காலைல விரல் விரிஞ்சுது தம்பி. ஒவ்வொண்ணா விரிச்சு விரிச்சுப் பாத்துட்டு அழுதேன். அன்னைக்கு நாப்பது சட்டை தேச்சேன். கடையில போய் அவரு கால்ல விழுந்தேன்."

"என்ன மாத்திரைன்னு கேட்டீங்களா?"

"சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் சேந்ததுன்னாரு. நமக்கு என்ன தெரியும்?"

அதிலிருந்து பதினைந்து வருடம். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு கவர். அட்டையோடு ஒருநாளும் கொடுத்ததில்லை. பிதுக்கி எடுத்து உதிரியாகத்தான்.

* * *

ஒரு ஓட்டலின் படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு வந்திருந்தன. அக்கா குனிந்து ஒரு கட்டைத் தூக்கினாள். அவ்வளவுதான். காய்ந்த குச்சியை மிதித்தது போல ஒரு சத்தம் எனக்கே கேட்டது. அவள் கட்டை விடவில்லை. கட்டோடு அப்படியே உட்கார்ந்தாள். பாய்லரை விட்டு அவள் புருஷன் நகர முடியாது, அழுத்தம் ஏறியிருந்தது. நான்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டரம்மா சின்ன வயது. எக்ஸ்ரே படத்தைப் பார்க்கும் முன்பு அக்காவின் முகத்தைத்தான் வெகுநேரம் பார்த்தாள். பிறகு முன்கையைத் திருப்பி, தோலில் ஆங்காங்கே இருந்த ஊதாத் திட்டுகளைப் பார்த்தாள்.

"முகம் எப்பவுமே இப்படித்தானா?"

"அதனாலதான் டாக்டர் பன்னுன்னு கூப்பிடறோம்" என்றேன் நான், பல்லைக் காட்டிக்கொண்டு.

அவள் சிரிக்கவில்லை. "ரொம்ப நாளா என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"கைவலிக்கு ஒண்ணு. சின்னதா, வெள்ளையா."

"பேரு?"

"கவர்ல குடுப்பாங்க."

"முதுகுல ஒரு எலும்பு நசுங்கியிருக்கு. எழுபது வயசு எலும்பு மாதிரி இருக்கு. உங்களுக்கு நாப்பத்தி மூணு. எனக்கு அந்த மாத்திரையோட பேர் தெரியணும். தெரியாம நான் எதையும் எழுத மாட்டேன். அதுவரைக்கும் அதை நீங்களா நிறுத்தாதீங்க, என்ன?"

கடைசியாகச் சொன்னதை நான் கேட்டேன். அக்கா கேட்டாளா தெரியாது. அவள் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோட்டிடம் போய்ப் பெயரைக் கேட்டோம். "டாக்டருங்க பயமுறுத்தத்தான் செய்வாங்க" என்றார். "வயசாச்சுன்னா எலும்பு தேயும். சுண்ணாம்புச் சத்து குடுக்கறேன், அதையும் சேத்துப் போடு." பெயரைச் சொல்லவில்லை. திரும்பி அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அவர் முதுகைத்தான் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா தேய்த்த கோட்டு, ஒரு சுருக்கம் கிடையாது.

* * *

அந்த வாரத்து மூன்று கோட்டும் செவ்வாய்க்கிழமை சலவைக்கு வந்தன. முதுகில் பட்டை கட்டியிருந்ததால் அக்கா குனியவில்லை, மூட்டையை மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். இரண்டு விரலை விட்டாள். முதல் கோட்டின் உள்பையிலிருந்து இரண்டு சாமான் வந்தது. ஒன்று, பத்துக் குழியும் பிதுங்கிக் காலியான மாத்திரை அட்டை. இன்னொன்று, நான்காக மடித்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு.

அக்கா டப்பாவைத் திறந்தாள். கூட்டல் குறி எழுதினாள். பிறகு மூடினாள். பிறகு மறுபடி திறந்தாள்.

"தம்பி, இதைப் படி."

"பையில வந்ததைப் படிக்கக் கூடாதுன்னு நீங்கதானே..."

"படிடா!"

பதினொரு வருடத்தில் என்னை அவள் டா போட்டது அன்றுதான். படித்தேன். அட்டையில் இருந்த பெயருக்குக் கீழே ஸ்டீராய்டு என்று எனக்கே புரிகிற மாதிரி போட்டிருந்தது. சீட்டு கோட்டின் சம்சாரம் பெயரில். மூட்டுவாத டாக்டர் அனுப்பியது. ஈரல் சரி, ரத்த அணு சரி, அதே வாராந்திர மாத்திரையைத் தொடரவும், அடுத்த மாதம் மறுபடி ரத்தம் பார்க்கவும். மேலே ஓரத்தில், இந்தப் பரிசோதனை எத்தனையாவது முறை என்று எழுதியிருந்தது. நூற்று நாற்பத்தி இரண்டு.

"அவங்களுக்கும் கைவலியா?" என்றேன்.

 பதில் எனக்கு வேண்டியிருக்கவில்லை. கோட்டின் சம்சாரத்தின் கையைத் தெருவில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நேரான விரல்கள். தலையில்தான் முடி குறைவு. அதை நாங்கள் பரம்பரை என்று நினைத்திருந்தோம்.

ஒரே வியாதி. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பேர். ஒருத்திக்கு மாதாமாதம் டாக்டர், ரத்தம், ஈரல் கணக்கு. இன்னொருத்திக்கு வெள்ளிக்கிழமைக் கவர். தெரியாமல் செய்தார் என்று இனிமேல் எந்தக் கொம்பனும் சொல்ல முடியாது. தெரிந்துதான் தன் பெண்டாட்டிக்கு அந்த வெள்ளை மாத்திரையைக் கொடுக்கவில்லை.

 அக்கா இஸ்திரிப் பெட்டியை எடுத்து அந்தக் கோட்டைத் துவைக்காமலே மேஜையில் விரித்து, நெஞ்சுப் பக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். துணி பழுக்கும் வாசனை வந்தது. கரிவதற்கு ஒரு நொடி முன்பு பெட்டியைத் தூக்கிவிட்டாள்.

"சீ, இது பத்தாது" என்றாள்.

* * *

கோபத்தில் அவள் செய்தது ஒரு மடத்தனம். சலவைக்காரர்கள் புத்தி அது. கறை எது என்று தெரிந்துவிட்டால் ஒரே அலசலில் போக்கிவிட வேண்டும். மீதி மாத்திரையோடு அந்த வாரத்து வெள்ளிக்கிழமைக் கவரை அன்றைக்கே பாய்லர் அடுப்பில் போட்டாள். நான் டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். "விஷம்னு தெரிஞ்சப்புறம் விழுங்கச் சொல்றியா?" என்றாள். நான் மெஷினுக்குத் திரும்பிவிட்டேன்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலி, விரல்கள் பழையபடி மூடிக்கொண்டன. மூன்றாம் நாள் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. நான்காம் நாள் காலை, மடித்த துணி அடுக்கும் மேஜைக்குப் பக்கத்தில் விழுந்தாள். முகம் வெளுத்து, வேர்த்து, கூப்பிட்டால் பதில் இல்லை.

அவள் புருஷன் ஓடினார். எங்கே ஓடுவார்? அண்ணனிடம்தான். கோட்டு வந்தார். தெருவில் பாதிப்பேர் வாசலில். அவர் அவசரப்படவில்லை. மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி அவள் வாயில் ஊற்றினார். பிறகு எழுந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பாத்தீங்களா? நாலு நாள் நிறுத்தினா இந்த கதி. பதினஞ்சு வருஷமா நான் குடுத்தது மாத்திரை இல்ல, உசுரு. யாரோ சொன்னாங்கன்னு தூக்கிப் போட்டா இப்படித்தான்." குனிந்து அவளிடம், "இனிமே வாயை மூடிக்கிட்டு ஒழுங்கா சாப்பிடு" என்றார்.

அக்காவின் கண் திறந்திருந்தது. அவரைப் பார்த்தாள். வெட்டிப் போடுவது போன்ற பார்வை. எனக்கு அது பிடித்திருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். நானும் கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குளுக்கோஸ் ஏற்றி, ஊசி போட்டு, சாயங்காலம் அவள் உட்கார்ந்தாள். டாக்டரம்மா முதலில் திட்டினாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உடம்புக்குள்ள இதே சரக்கைச் செய்யற ஒரு சுரப்பி இருக்கும்மா. வெளியிலருந்து பதினஞ்சு வருஷமா ரெடிமேடா வந்துக்கிட்டே இருந்ததால அது கடையைச் சாத்திட்டுத் தூங்கிடுச்சு. திடீர்னு நிறுத்தினா உள்ளயும் சரக்கு இல்ல, வெளியவும் இல்ல. உசுரே போயிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். பத்து மாசமாவது ஆகும்."

"அது கெட்ட மருந்துதானே டாக்டர்?"

"இல்லம்மா. நானே தினம் எழுதறேன். மூச்சு விட முடியாம வர்றவங்களை அதுதான் காப்பாத்துது. உங்க கையையும் அன்னைக்கு அதுதான் விரிச்சுது, அதை இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா உங்க முகத்தை உப்ப வச்சதும் அதுதான். எலும்பு, கண்ணு, சர்க்கரை எல்லாத்தையும் கூடவே பாத்துக்கிட்டு இருக்கணும். குறைஞ்ச நாள் குடுத்துட்டு வேற மருந்துக்கு மாத்தியிருக்கணும்."

"வேற மருந்துன்னா... வாரத்துக்கு ஒருநாள் போடறதா?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு பையில வந்துச்சு" என்றாள் அக்கா.

"அதுலயும் பிரச்சனை உண்டு. ஒளிக்கல. முடி கொட்டலாம், அந்த ஒருநாள் குமட்டும், ஈரலைக் கெடுக்கலாம். மாசாமாசம் ரத்தம் பாக்கணும். பலன் தெரியவே ரெண்டு மூணு மாசம் ஆகும், அதுவரைக்கும் வலி இருக்கும். ஆரம்பிக்கலாமா வேணாமா, நீங்கதான் சொல்லணும்."

அக்கா திகைத்துப் போனாள். "என்னையா கேக்கறீங்க?"

"உங்க உடம்பும்மா. வேற யாரைக் கேக்கறது?"

பன்னு அக்கா அழுது நான் பார்த்தது அப்போதுதான். முதுகு ஒடிந்தபோது அழாதவள். வாய்விட்டு, பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆரம்பிக்கலாம்" என்றாள். அது மருந்துக்குச் சொன்ன பதில். ஆனால் குரல் வேறு எதற்கோ போலவும் இருந்தது.

* * *

சலவைத் துணிக்குக் குறி போடும் மை ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் இருக்கும். எழுதும்போது சாம்பல் நிறம். மேலே சூடான பெட்டியை வைத்தால் கறுத்து, நூலுக்குள் ஏறிக்கொள்ளும். பிறகு சோடா, வெயில், கொதிநீர் எதற்கும் அசையாது. துணி கிழிந்தாலும் குறி இருக்கும்.

திங்கட்கிழமை காலை மூன்று கோட்டையும் வெளுத்துக் கஞ்சி போட்டு, முதுகுப் பக்கம் மேலாக மேஜையில் விரித்தாள்.

"தம்பி, உன் சாக்குக்கட்டியையும் அடிக்கோலையும் எடுத்துட்டு வா. கோடு போட்டுக் குடு. எழுத்து கோணக் கூடாது."

"அக்கா, எதுக்கும் ஒரு தடவை யோசிச்சு..."

"பதினஞ்சு வருஷம் அவரு எனக்காக யோசிச்சாரு. போதும். கோடு போடறியா, நானே எழுதட்டுமா?"

போட்டேன். தோளிலிருந்து இடுப்பு வரை அளந்து, ஒரே இடைவெளியில் நான்கு கோடு, மூன்று கோட்டுக்கும். மாப்பிள்ளை உடுப்புக்குக்கூட அவ்வளவு நேர்த்தியாக நான் கோடு போட்டதில்லை. விரல் மூடிக்கொண்டு, மை தொட்டு எழுதும் குச்சியைப் பிடிக்க வராததால் அக்கா அதை உள்ளங்கையில் வைத்து நூலால் கட்டிக்கொண்டு எழுதினாள். மதியம் வரை ஆனது. பின்கட்டிலிருந்து அவள் புருஷன் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். நான்கு வரியையும் படித்தார்.  பிறகு உள்ளே போய்ப் பாய்லரில் நீராவியைக் கூட்டிவிட்டார், பெட்டிக்கு நல்ல சூடு வர.

எழுதியது இதுதான்:

இவர் காகிதக் கவரில் தரும் சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு.
பதினைந்து வருடம் சாப்பிட்டேன். முதுகெலும்பு உடைந்தது.
நீங்களும் சாப்பிடுகிறீர்களா? உடனே நிறுத்தாதீர்கள்.
பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.

மூன்றாவது வரியை அவள் எழுதும்போது நான் கேட்டேன். "பழி வாங்கறதுல இது எதுக்கு?"

"என்னை மாதிரி எவளாவது படிச்சுட்டு ஆத்திரத்துல அடுப்புல போட்டா? விழுந்தா அவரு மறுபடியும் வந்து உசுரு குடுத்தேன்னு நிப்பாரு. அந்தப் பெருமை அவருக்குக் கிடைக்கக் கூடாது."

பெட்டியை வைத்தாள். எழுத்து கறுத்து எழுந்தது. நெஞ்சுப் பக்கம் மேலே வரும்படி மடித்து, பட்டன் போட்டு, காகிதப் பட்டை சுற்றிக் கொடுத்தாள். கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

* * *

செவ்வாய்க்கிழமை காலை எனக்கு ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் இன்னும் பதினாறு இருந்தது. கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு கொத்தனார், ஒரு வேன் டிரைவர், ரொட்டிக்கடைக்காரம்மா.

கோட்டு பின்னறையில் கோட்டைப் போட்டுக்கொண்டு, முன்பக்கத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு வந்தார். "சொல்லுங்க" என்றார் கொத்தனாரிடம்.

"எப்பவும் குடுக்கறதுதான். முழங்கால் வலிக்கு."

கோட்டு அலமாரிப் பக்கம் திரும்பினார்.

மருந்துக்கடைக்காரரின் தொழிலில் பாதி நேரம் வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டுவதுதான். கொத்தனாருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். "இ... வர்... காகிதக்... கவரில்..." என்று சத்தமாகவே ஆரம்பித்தார். ரொட்டிக்கடைக்காரம்மா சிரிக்கப் பார்த்து, இரண்டாவது வரியில் நிறுத்திக்கொண்டாள். கோட்டு தன் பாட்டுக்கு மாத்திரையைப் பிதுக்கிக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார். பட், பட் என்ற சத்தம் மட்டும்.

அவர் திரும்பியபோது கொத்தனார் தன் சட்டைப் பையிலிருந்து பழைய கவரை எடுத்து மேஜையில் வைத்திருந்தார்.

"இது அதுவாண்ணே?"

"எது?"

"உங்க முதுகுல எழுதியிருக்கே, அது."

கோட்டு கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினார். எழுத்து கையில் தட்டுப்படுமா? பிறகு கழற்றிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் நின்று நிதானமாகப் பார்த்தேன். உள்ளே ஓடி அடுத்த கட்டைப் பிரித்தார். அதிலும் இருந்தது. மூன்றாவதைப் பிரிக்கும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனாலும் பிரித்தார். கோட்டு இல்லாத கோட்டைத் தெரு அன்றுதான் பார்த்தது. உள்ளே ஒரு பழைய பனியன், தோளில் ஒரு ஓட்டை.

வேன் டிரைவரும் கவரை எடுத்தார். ரொட்டிக்கடைக்காரம்மாவும் எடுத்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு சட்டென்று சந்தோஷம் போய்விட்டது. தெருவில் இத்தனை உப்பிய முகம் இருந்திருக்கிறது, நான் ஒன்றுக்குத்தான் பெயர் வைத்திருக்கிறேன்.

* * *

அரை மணியில் மூன்று கோட்டையும் சுருட்டிக்கொண்டு சலவைக்கடைக்கு வந்தார். பின்னாலேயே அவர் சம்சாரம், மூச்சு வாங்க.

"யாரு சோத்தைத் தின்னுட்டு யாரு வயித்துல அடிக்கற?" என்று கத்தினார். "அந்த மாத்திரை இல்லேன்னா இந்தப் பெட்டியைத் தொட்டிருப்பியா? உன் பொண்ணு காலேஜ் படிச்சிருப்பாளா? சொல்லு!"

  அக்கா கையில் இருந்த சட்டையின் காலரைத் தேய்த்து முடித்து, பெட்டியை நிறுத்தி வைத்தாள்.

"படிச்சிருக்க மாட்டா" என்றாள். "நீங்க சொல்றது நெசந்தான் மாமா. அந்த மாத்திரைதான் என் பொண்ணைப் படிக்க வச்சுது. என்னைக் கேட்டிருந்தா, இப்படி இப்படி ஆகும், எலும்பு போகும், கண்ணு போகும்னு சொல்லிட்டுக் கேட்டிருந்தா, பொண்ணுக்காக நானே சரின்னு வாயைத் திறந்து விழுங்கியிருப்பேன். நீங்க கேக்கல. எடை போட்டுப் பாத்தது நீங்க. சுமந்தது நான். உங்க சம்சாரம், இந்த அக்காவுக்கு மட்டும் வேற தராசு."

கோட்டின் சம்சாரம் புரியாமல் அவரைப் பார்த்தாள். "என்ன சொல்றா இவ?"

"அக்கா, இங்க வாங்க. கையை இந்த மேஜைல வைங்க" என்றாள் பன்னு அக்கா.

அவள் வைத்தாள். அக்கா தன் கையைப் பக்கத்தில் வைத்தாள். ஒரு ஜோடி நேராக, ஒரு ஜோடி கோணி வீங்கி. சம்சாரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த அம்மாள் முட்டாள் இல்லை.

"எனக்கு மாசாமாசம் ரத்தம் எடுக்க ஓடினீங்களே" என்றாள் புருஷனிடம். "வாந்தி வருது, முடி போகுது, அந்த வெள்ளை மாத்திரையே குடுங்கன்னு நான் கெஞ்சினப்போ, 'சே, அதை உனக்குக் குடுப்பேனா'ன்னீங்களே. அப்ப இவளுக்கு?"

 அவர் தம்பியைப் பார்த்தார், காப்பாற்றச் சொல்வது போல. "என்னடா பேசாம நிக்கற?"

பாய்லர்க்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "மெதுவாப் பேசுங்கண்ணே" என்றார். "அவளுக்கு முதுகு ஒடிஞ்சிருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அண்ணனிடம் அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. கோட்டு சுருட்டி வைத்திருந்த துணியை மேஜையில் போட்டார். குரல் இறங்கிவிட்டது. "சரி. இப்ப என்ன செய்யணுங்கற? இந்த மையைப் போக்க வழி சொல்லு."

"போகாது. தெரியாதா உங்களுக்கு? எல்லாக் கோட்டுலயும் கூட்டல் போட்டிருக்கேனே, ஒண்ணாவது போயிருக்கா?" அக்கா பிஸ்கட் டப்பாவைத் தட்டினாள். "அட்டையும் சீட்டும் இதுக்குள்ள இருக்கு. மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு நடந்து போற தூரந்தான். முதுகு ஒடிஞ்சவகூட நடந்துரலாம்."

"அம்மா, தாயே..."

"டாக்டர் பத்து மாசத்துக்குச் சீட்டு எழுதிக் குடுத்திருக்காங்க. எந்த வாரம் முழுசு, எந்த வாரம் முக்கால், எப்ப அரை, எப்ப கால்னு. காலைல ஏழு மணிக்கு வரணும். இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு, தெருவோட நடந்து. என் முன்னாடி உக்காந்து, மாத்திரையோட பேரைச் சத்தமா வாசிச்சு, பிளேடால அளந்து வெட்டி, தண்ணியோட குடுக்கணும். கடையில இனிமே எவனுக்கும் கவர் கிடையாது, அட்டையோடதான். ஒருநாள் வரலைன்னா டப்பாவைத் தூக்கிருவேன்."

* * *

வந்தார். இப்போதும் வருகிறார். ஏழு மணிக்குத் தெருவில் யாருக்கும் வேலை இல்லாமல் இல்லை, ஆனால் ஏழு மணிக்கு எல்லோருக்கும் வாசலில்தான் வேலை. கொத்தனார் பல் தேய்த்துக்கொண்டே நிற்பார். அவருக்கும் ஆஸ்பத்திரியில் குறைக்கிற சீட்டு கொடுத்திருக்கிறார்கள். நானும் போய்க் காட்டினேன். கால் வீங்கக் காரணமான மாத்திரையை மாற்றிவிட்டார்கள். புது மாத்திரையில் வறட்டு இருமல் வருகிறது. எது தேவலாம் என்று நானே இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் வாரங்களில் அவர் வெட்டிய மாத்திரை பொடியாக உதிரும். "இது முக்காலா மாமா? சரியா அளங்க" என்பாள் அக்கா. இன்னொன்றை எடுத்து வெட்டுவார்.  பிறகு பழகிவிட்டார்.

மூன்றாவது மாதம் ஒரு மழைக்காலை. அக்காவின் விரல்கள் அப்போதுதான் மெல்லத் திறக்க ஆரம்பித்திருந்தன. சீப்பில் முடி வருகிறது. கன்னம் வற்றி, தாடை எலும்பு தெரிந்தது. நான் இப்போதெல்லாம் அவளைப் பன்னு என்று கூப்பிடுவதில்லை, வாய் வருவதில்லை. கோட்டு நனைந்துகொண்டே வந்து உட்கார்ந்தார். பெயரை வாசித்தார். அன்றிலிருந்து அரை மாத்திரை. பிளேடை வைத்து அழுத்தினார், சரிபாதி, ஒரு துகள் சிந்தவில்லை. டம்ளரை நீட்டிவிட்டு, தலை குனிந்தபடி மெதுவாகக் கேட்டார்.

"பாதிக்குப் பாதி கொறைஞ்சாச்சு. எம்மேல இருக்கற கோவமும் கொஞ்சம் கொறைஞ்சிருக்கும்ல?"

அக்கா மாத்திரையை விழுங்கி, தண்ணீரை முழுதும் குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"மாத்திரையைத்தான் மாமா கொறைக்கச் சொன்னாங்க" என்றாள். "கோட்டைக் கழட்டி வச்சுட்டுப் போங்க, ஈரமா இருக்கு. தேச்சு வைக்கறேன். நாளைக்கு வேணும்ல."

அவர் கழற்றிக் கொடுத்துவிட்டு, அந்த ஓட்டைப் பனியனோடு மழையில் இறங்கிப் போனார். அக்கா கோட்டை மேஜையில் விரித்தாள், முதுகுப் பக்கம் மேலே. பெட்டியின் சூட்டை இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். சூடு படப் பட அந்த மை கறுக்கும்.